பட்டன் செல் நன்றாகவே இருக்கிறது, மின்தடைக்குப் பின் நேரம் மட்டும் அழிகிறது: எஸ்டிஎம்32எஃப்103 விபேட் சிக்கல்

தோட்டத்துமின் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாசனப் பம்புகளை நேரம் பார்த்து ஓட்டி நிறுத்தும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வடிவமைத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சுற்றுப்படமும் நிரலும் கையில் இருக்கின்றன.

மைக்ரோகன்ட்ரோலர் எஸ்டிஎம்32எஃப்103சி8. 5 வோல்ட் அடாப்டர், பலகையில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, அதன் பின் 3.3 வோல்ட் ரெகுலேட்டர். சிஆர்2032 பட்டன் செல், மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தைக் காக்கும் விபேட் பின்னுக்கு நேராகப் போகிறது. பின்னருகே 100 நானோஃபாரட். கடிகாரத்துக்கு 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல். ஜிஎஸ்எம் மோடம் யுஏஆர்டி2 என்னும் சீரியல் போர்ட்டில் இணைந்திருக்கிறது. மின்சாரம் போனாலும் நெட்வொர்க்கில் பதிவு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக மோடத்துக்குத் தனியாக ஒரு லித்தியம் அயன் பேட்டரி கொடுத்திருக்கிறார்கள்.

மின்சாரம் போய் வந்த பிறகு சில பலகைகளில் நேரம் கெட்டுவிடுகிறது. பம்பு நள்ளிரவில் ஓடுகிறது, அல்லது ஓட வேண்டிய நேரத்தில் ஓடாமல் பயிர் காய்கிறது. செல்லை எடுத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 3.0 வோல்ட் காட்டுகிறது. புதுச் செல் போட்டும் பயனில்லை. மேசையில் வைத்து அடாப்டரை எத்தனை முறை பிடுங்கிச் செருகினாலும் எல்லாம் சரியாக நடக்கிறது. சில பலகைகளில் மட்டும் செல் சில மாதங்களிலேயே தீர்ந்துபோகிறது என்ற புகாரும் உண்டு.

சிப்பின் உள்ளே விடிடி என்னும் முதன்மை 3.3 வோல்ட் மின்சாரத்திலிருந்து விபேட்டுக்கு மாற்றும் சுவிட்ச் பழுதாக இருக்குமா? எங்கிருந்து தொடங்குவது?


சால்டர்மணம் எழுதியது:

உள்ளே இருக்கும் கடிகாரத்தை நம்பாதீர்கள். டிஎஸ்3231 என்னும் வெளிக் கடிகாரச் சிப் உள்ள தொகுதி ஒன்றை வைத்துவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. எங்கள் பட்டறையில் எல்லாப் பலகைக்கும் அதுதான்.


அலைக்காட்டி எழுதியது:

வெளிக் கடிகாரம் வைப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம். அதிலும் மாற்றுச் சுவிட்ச் ஒன்று இருக்கிறது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இப்போது பலகையை மாற்றினால் எது கெட்டது என்பது தெரியாமலே போய்விடும். அதே தவறு அடுத்த பலகைக்கும் போகும்.

தோட்டத்துமின் நண்பரே, 'நேரம் கெட்டுவிடுகிறது' என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கிறீர்கள். இதற்குள் குறைந்தது மூன்று தனித்தனி நோய்கள் இருக்கலாம், மூன்றுக்கும் மருந்து வேறு. கெட்ட பலகைகளை இப்படிப் பிரித்துச் சொல்லுங்கள்.

மணி, நிமிடம் சரியாக இருந்து, தேதி மட்டும் 2000 ஜனவரிக்குப் போகிறதா? மணியும் தேதியும் இரண்டுமே தொடக்க நிலைக்குப் போகின்றனவா? அல்லது மின்சாரம் நின்ற அளவுக்குக் கடிகாரம் பின்தங்கி, அதாவது இரண்டு மணி நேர மின்தடைக்குப் பிறகு சரியாக இரண்டு மணி நேரம் பின்னால் நிற்கிறதா?

முதல் வகை என்றால் சுவிட்சுக்கும் செல்லுக்கும் அதில் எந்தத் தொடர்பும் இல்லை. எஃப்1 வரிசையில் கடிகாரம் என்பது வெறும் 32 பிட் எண்ணி. நாள், மாதம், ஆண்டு எதுவும் அந்த வன்பொருளில் கிடையாது. உற்பத்தியாளரின் ஹெச்ஏஎல் நூலகம் தேதியை ராமில் வைத்துக்கொள்கிறது, எண்ணியில் மணியை மட்டும் ஓட்டுகிறது. மின்சாரம் போனால் ராம் போகும், அதோடு தேதியும் போகும். செல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைக் காப்பாற்றாது. பேக்கப் மின்சாரம் வேலை செய்யவில்லை என்று புகார் வரும் எஃப்1 பலகைகளில் இதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். வயலில் கெட்ட ஒரு பலகையை மோடத்தோடு அப்படியே மேசைக்குக் கொண்டுவந்து, அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, 3.3 வோல்ட் தடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். செல்லை அளக்க வேண்டாம். விடிடியை அளக்க வேண்டும்.


நிரல்வழி எழுதியது:

அலைக்காட்டி ஐயா சொன்ன முதல் வகைக்கு வழி எளிது. ஹெச்ஏஎல் நூலகத்தின் தேதிச் சார்புகளை விட்டுவிட்டு, 32 பிட் எண்ணியை 1970 ஜனவரி 1-இலிருந்து ஓடும் நொடிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். நாள், மாதம், ஆண்டை நிரலில் கணக்கிட்டுக்கொள்ளலாம். 32 பிட் என்றால் 136 ஆண்டுகளுக்கு மேல் ஓடும்.

படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். எண்ணி இரண்டு 16 பிட் ரெஜிஸ்டர்களாகப் பிரிந்திருக்கிறது. மேல் பாதி, கீழ் பாதி, மறுபடி மேல் பாதி என்று படித்து, மேல் பாதி மாறியிருந்தால் திரும்பப் படியுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு முதல் முறை படிப்பதற்கு முன், ரெஜிஸ்டர்கள் கடிகாரத்தோடு ஒத்திசைந்ததைக் காட்டும் ஆர்எஸ்எஃப் பிட் எழும் வரை காத்திருக்கவும் வேண்டும். இல்லையென்றால் பழைய மதிப்போ பொருளற்ற மதிப்போ வரும். அதையும் கடிகாரம் கெட்டுவிட்டது என்றே நினைத்துக்கொள்வோம்.

கியூப்எம்எக்ஸ் என்னும் நிரல் உருவாக்கும் கருவி எழுதித் தரும் தொடக்கச் சார்பையும் திறந்து பாருங்கள். நாட்காட்டியை இயக்கியிருந்தால் அது ஒவ்வொரு முறை சிப் எழும்போதும் நேரத்தை மறுபடி தொடக்க மதிப்பில் எழுதிவிடும். அதற்கு முன், செல்லின் துணையால் அழியாமல் நிற்கும் பேக்கப் ரெஜிஸ்டரைச் சோதித்துத் திரும்பிவிட அதே சார்புக்குள் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். பலர் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.


தோட்டத்துமின் எழுதியது:

மிக்க நன்றி. பிரித்துப் பார்த்தேன். மூன்று வகையும் இருக்கின்றன!

தேதி மட்டும் போகும் பலகைகளில் பழைய நிரல் பதிப்பு ஏறியிருக்கிறது, ஹெச்ஏஎல் தேதிச் சார்புகளோடு. புதிய பதிப்பில் நிரல்வழி சொன்னது போல நொடிக் கணக்குத்தான் இருக்கிறது. அதனால் அந்தப் பகுதி எனக்குத் தெளிவாகிவிட்டது.

புதிய பதிப்பு இருக்கும் பலகைகளில் சிலவற்றில் எல்லாமே அழிகிறது, சிலவற்றில் மின்தடை அளவுக்குப் பின்தங்குகிறது. தொடக்கச் சார்பில் பேக்கப் ரெஜிஸ்டரில் ஓர் அடையாள எண்ணை வைத்துச் சோதிக்கிறார்கள், அது இருக்கிறது.

இப்போது விடிடி அளவு. அடாப்டரைப் பிடுங்கி, மோடம் அதன் சொந்த பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, 3.3 வோல்ட் தடத்தில் 1.9 வோல்ட் நிற்கிறது. இறங்கவே இல்லை. மீட்டரில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கிறது. மோடத்தின் இணைப்பைக் கழற்றினால் சில நொடிகளில் பூஜ்யத்துக்கு அருகில் போய்விடுகிறது. மேசையில் சோதித்தபோதெல்லாம் நான் மோடம் இல்லாமல்தான் சோதித்திருக்கிறேன்.


அலைக்காட்டி எழுதியது:

1.9 வோல்ட்! இதைவிட மோசமான ஓர் எண்ணை இந்தச் சிப்புக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

விபேட் சுவிட்ச் எப்படி முடிவெடுக்கிறது என்பதைப் பலர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். விடிடியையும் விபேட்டையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை அது எடுத்துக்கொள்வதில்லை. எஃப்103-இல் அது பார்ப்பது விடிடியை மட்டுமே. பிடிஆர் என்னும் மின்னிறக்க ரீசெட் சுற்று 'விடிடி போய்விட்டது' என்று சொன்னால் சுவிட்ச் விபேட்டுக்குப் போகும். 'வந்துவிட்டது' என்று சொன்னால், ரீசெட் காத்திருப்பு நேரம் முடிந்தபின் விடிடிக்குத் திரும்பும். செல்லில் 3 வோல்ட் இருக்கிறதா, 1 வோல்ட் இருக்கிறதா என்பது அந்த முடிவுக்குள் வருவதே இல்லை.

அந்த பிடிஆர் எல்லை எங்கே இருக்கிறது? தரவுத்தாளின் வழக்கமான மதிப்பு, இறங்கும்போது 1.88 வோல்ட், ஏறும்போது 1.92 வோல்ட். இடைவெளி வெறும் 40 மில்லிவோல்ட். உங்கள் விடிடி சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அங்கே நடப்பது இதுதான். சிப் ரீசெட்டில் இருக்கும்போது குறைந்த மின்னோட்டம் எடுக்கிறது, அதனால் மோடம் வழியாகக் கசிந்து வரும் மின்சாரம் விடிடியை மெல்ல 1.92-க்கு மேல் தூக்குகிறது. வழக்கமாக 2.5 மில்லிநொடி அளவுள்ள காத்திருப்புக்குப் பிறகு ரீசெட் விலகுகிறது, நிரல் ஓடத் தொடங்குகிறது, மில்லிஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் எடுக்கிறது. கசிவால் அதைத் தாங்க முடியாது, விடிடி 1.88-க்குக் கீழே சரிகிறது, மறுபடி ரீசெட். மின்சாரம் திரும்பும் வரை, மணிக்கணக்காக, இதே சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் பேக்கப் பகுதி, அதாவது கடிகாரமும் பேக்கப் ரெஜிஸ்டர்களும் இருக்கும் இடம், 1.9 வோல்ட்டுக்கும் 3 வோல்ட்டுக்கும் இடையே தூக்கி வீசப்படுகிறது. அந்தக் கிரிஸ்டல் அலையியற்றி மிக நுண்ணிய மின்னோட்டத்தில் ஓடுவது. இப்படி உலுக்கினால் தடுமாறலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஒவ்வொரு சுழற்சியிலும் உங்கள் நிரல் கொஞ்சம் ஓடுகிறது என்பது. எஃப்103 வேலை செய்ய உறுதி தரப்பட்ட குறைந்த விடிடி 2.0 வோல்ட். 1.9-இல் ஃபிளாஷிலிருந்து படித்த கட்டளை சரியாக இருக்கும் என்றோ, அடையாள எண்ணை ஒப்பிட்ட முடிவு சரியாக இருக்கும் என்றோ யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நிலையில் தொடக்கச் சார்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். எல்எஸ்இ, அதாவது அந்தக் கிரிஸ்டல் அலையியற்றி, தயார் என்று சொல்லும் பிட் வரவில்லை என்றால் உங்கள் நிரல் என்ன செய்கிறது?

மின்சாரம் எந்த வழியாக நுழைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுஏஆர்டி2-இன் பெறும் பின் பிஏ3. மோடத்தின் அனுப்பும் கம்பி சும்மா இருக்கும்போது உயர்நிலையில் நிற்கும். எஃப்103-இல் பிஏ0 முதல் பிஏ7 வரை 5 வோல்ட் தாங்கும் பின்கள் கிடையாது; அவற்றில் விடிடியை நோக்கிய பாதுகாப்பு டையோடு உண்டு. மோடத்தின் உயர்நிலை அந்த டையோடு வழியாக நேராக உங்கள் 3.3 வோல்ட் தடத்துக்குள் போகிறது.

ஆகவே சுவிட்ச் பழுதில்லை. அதற்குச் சொல்லப்பட்டதை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது.


தோட்டத்துமின் எழுதியது:

நிரலைப் பார்த்தேன், ஐயா. எல்எஸ்இ தயார் பிட்டுக்குக் குறுகிய நேரம் மட்டும் காத்திருந்துவிட்டு, வராவிட்டால் பேக்கப் பகுதியை முழுதாக ரீசெட் செய்து, எல்எஸ்ஐ என்னும் சிப்பின் உள் அலையியற்றிக்கு மாறிவிடுகிறது. 'கடிகாரம் எப்படியும் ஓடட்டும்' என்று அதற்கு மேலே குறிப்பும் எழுதியிருக்கிறார்.


நிரல்வழி எழுதியது:

அந்த ஒரு வழியே உங்கள் மீதி இரண்டு வகையையும் விளக்கிவிடுகிறது. பேக்கப் ரீசெட் நடந்ததும் எண்ணியும் அடையாள எண்ணும் சேர்ந்து அழிகின்றன. அது எல்லாம் அழியும் வகை. அதன்பின் கடிகாரம் எல்எஸ்ஐயில் ஓடுகிறது. எல்எஸ்ஐ பேக்கப் பகுதிக்குள் இல்லை. விடிடி போனால் நின்றுவிடும். அடுத்த மின்தடையில் கடிகாரம் உறைந்து, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அது பின்தங்கும் வகை. கடிகார மூலத்தை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால், பேக்கப் ரீசெட் செய்யாமல் மாற்றவும் முடியாது. அதனால் அந்தப் பலகை யாராவது கவனிக்கும் வரை எல்எஸ்ஐயிலேயே இருக்கும்.

எல்எஸ்இ முதன்முறை எழுவதற்குச் சில நொடிகள்கூட ஆகலாம். அவசரப்பட்டு எல்எஸ்ஐக்கு மாறுவது இதுபோன்ற கருவியில் செய்யவே கூடாத காரியம். தவறான நேரத்தைச் சரியான நேரம் போலக் காட்டுவதைவிட, 'எனக்கு நேரம் தெரியவில்லை' என்று சொல்லும் பலகை ஆயிரம் மடங்கு மேல். பம்பு சும்மா நிற்கும், மோடம் வழியாக நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும், பிறகு ஓடும்.

நான் பின்பற்றும் ஒழுங்கு இது. சிப் எழுந்ததும் முதலில் விடிடி நிலைபெற்றதா என்று பார்ப்பேன். பிவிடி என்னும் மின்னழுத்தக் கண்காணிப்பியை எஃப்103-இல் அதிகபட்சமாக 2.9 வோல்ட்டில் வைக்க முடியும். விடிடி அதற்கு மேல் வந்து சிறிது நேரம் நிலையாக நிற்கும் வரை பேக்கப் பகுதியின் பக்கமே போக மாட்டேன். பிறகு பிடபிள்யூஆர் (மின்சாரக் கட்டுப்பாடு), பிகேபி (பேக்கப் ரெஜிஸ்டர்கள்) இரண்டுக்கும் கடிகாரம் கொடுத்து அடையாள எண், எல்எஸ்இ இயக்க பிட், தயார் பிட், கடிகார மூலம் எல்எஸ்இதானா என்பது ஆகிய நான்கையும் படிப்பேன். படிப்பதற்கு, பேக்கப் பகுதியில் எழுத அனுமதி தரும் டிபிபி பிட் தேவையில்லை. நான்கும் சரி என்றால் கடிகாரத் தொடக்கச் சார்பை அழைக்கவே மாட்டேன். ஒன்று தவறினாலும் 'நேரம் நம்பத்தகாதது' என்று கொடி ஏற்றிவிட்டு, அதன்பிறகுதான் டிபிபியை ஏற்றி மறு அமைப்பு.

ஓடும் காலம் முழுவதும் டிபிபி அணைந்தே இருக்க வேண்டும். எழுதும் அந்த நொடியில் ஏற்றி, எழுதி முடித்ததும் இறக்கிவிட வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை ஏற்றிவிட்டு அப்படியே விட்டிருக்கும் நிரல்கள் ஏராளம். மின்சாரம் இறங்கும்போது தடுமாறும் நிரலுக்கு அது திறந்த கதவு.


மின்தடை47 எழுதியது:

இவ்வளவு நிரல் வேலை எதற்கு? 2.93 வோல்ட் எல்லையுள்ள மூன்று கால் ரீசெட் கண்காணிப்புச் சிப் ஒன்றை என்ஆர்எஸ்டி என்னும் ரீசெட் பின்னில் வையுங்கள். 1.9 வோல்ட்டில் நிரல் ஓடவே ஓடாது. தீர்ந்தது.


அலைக்காட்டி எழுதியது:

பாதி தீரும். அதை வைக்கச் சொல்லி நானும் பரிந்துரைப்பேன், எஃப்103-இல் எல்லையை உயர்த்திக்கொள்ளும் பிஓஆர் என்னும் குறைமின்னழுத்த ரீசெட் கிடையாது என்பதால் இன்னும் வலுவாகவே. அது நிரலின் கையைக் கட்டிப்போடும். ஆனால் விபேட் சுவிட்ச் என்ஆர்எஸ்டியைப் பார்ப்பதில்லை. வெளி ரீசெட்டில் சிப் உறங்கிக்கொண்டிருந்தாலும் விடிடி 1.92-க்கு மேல் நின்றால் பேக்கப் பகுதி விடிடியில்தான் ஓடும். செல் சும்மா இருக்கும். மோடத்தின் பேட்டரி இறங்கும்போதோ, மோடம் அந்தக் கம்பியைக் கீழே இழுத்துத் தரவு அனுப்பும்போதோ சுவிட்ச் மறுபடி மாறும்.

ஆகவே கசிவையும் நிறுத்த வேண்டும். வழிகள் சில உண்டு. புதிய பலகை அச்சடிப்பதாக இருந்தால் மோடத்தை யுஏஆர்டி1-இன் பிஏ10-க்கோ யுஏஆர்டி3-இன் பிபி11-க்கோ மாற்றலாம். இரண்டுமே 5 வோல்ட் தாங்கும் பின்கள், விடிடியை நோக்கிய அந்த நேரடி டையோடு அவற்றில் இல்லை. இருக்கும் பலகை என்றால் நடுவில் 74எல்விசி1ஜி125 போன்ற ஒரு பஃபர் வைக்கலாம். அந்தக் குடும்பத்தில் தன் மின்சாரம் இல்லாதபோது உள்ளீட்டிலிருந்து எதையும் விடாத அமைப்பு உண்டு. வெறும் 1 கிலோஓம் தொடர்தடை போட்டால் கசிவு குறையும், நிற்காது. அதோடு 3.3 வோல்ட் தடத்தில் தரைக்கு ஒரு 1 கிலோஓம் போட்டால் தடம் கீழே இறங்கிவிடும், 3.3 மில்லிஆம்பியர் எப்போதும் வீணாகும், அடாப்டரில் ஓடும் கருவிக்கு அது பொருட்டல்ல.

கசிவு மோடத்திலிருந்து மட்டும் வருவதாக எண்ணிவிட வேண்டாம். கணினியில் செருகிய யுஎஸ்பி சீரியல் கேபிள், தனி மின்சாரத்தில் ஓடும் சென்சார், அதன் இழுப்புத் தடைகள், டீபக்கர், எல்லாமே இதே வேலையைச் செய்யும். மின்சாரம் இல்லாத சிப்பில் யார் கம்பியை உயர்நிலையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பின்னாகக் கேட்க வேண்டும்.


தோட்டத்துமின் எழுதியது:

செல் தீர்ந்துபோகும் புகார் மட்டும் மீதி இருக்கிறது. சுற்றுப்படத்தில் செல்லிலிருந்து தரைக்கு இரண்டு 47 கிலோஓம் தடைகள் தொடராக இருக்கின்றன, நடுப்புள்ளி பிஏ1-க்குப் போகிறது. செல் எவ்வளவு மீதியிருக்கிறது என்று அளக்க வைத்ததாகத் தெரிகிறது. இது எல்லாப் பலகையிலும் பொருத்தப்படவில்லை.


அலைக்காட்டி எழுதியது:

செல் தீர்வதும் அதே பலகைகளில்தானா என்று ஒத்துப்பாருங்கள். ஆம் என்றால் குற்றவாளி அதுதான்.

கணக்கு இதோ. எஃப்103-இன் பேக்கப் பகுதி கடிகாரத்தோடு எடுப்பது வழக்கமாக 1.4 மைக்ரோஆம்பியர். சிஆர்2032-இல் சுமார் 220 மில்லிஆம்பியர் மணி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் பதினேழு பதினெட்டு ஆண்டுகள் வரும். செல்லின் தன்னிறக்கம்தான் அங்கே எல்லை. உங்கள் இரண்டு தடைகள் 94 கிலோஓம். 3 வோல்ட்டுக்கு 32 மைக்ரோஆம்பியர். பகலும் இரவும், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 220-ஐ இதால் வகுத்தால் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல்.

பலகை கிடங்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் இன்னும் மோசம். பிஏ1-இலும் அதே விடிடி டையோடு இருக்கிறது. விடிடி பூஜ்யமாக இருப்பதால் நடுப்புள்ளி 1.5 வோல்ட்டில் நிற்காது, அரை வோல்ட் அளவுக்கு இழுக்கப்படும். மேல் தடையில் 2.5 வோல்ட் விழும், 53 மைக்ரோஆம்பியர் ஓடும். ஆறு மாதத்துக்குள் செல் காலி.

தரைப் பக்கம் ஒரு மாஸ்ஃபெட் வைத்து அளக்கும்போது மட்டும் இணைக்கலாம் என்று பலருக்குத் தோன்றும். அது உதவாது. கீழே துண்டித்தாலும் மேல் தடை வழியாக பிஏ1-இன் டையோடுக்கு வழி திறந்தே இருக்கிறது. செல்லின் பக்கம், அதாவது மேலே, பி-சேனல் மாஸ்ஃபெட்டால் துண்டிக்க வேண்டும். அளவு அவ்வளவு முக்கியமில்லை என்றால் இரண்டு தடைகளையும் கழற்றிவிடுங்கள். எஃப்4 போன்றவற்றில் விபேட்டை உள்ளேயே, மின்னழுத்தத்தை அளக்கும் ஏடிசிக்குத் தரும் வழி இருக்கிறது, தேவைப்படும் நொடியில் மட்டும் இயக்கலாம். எஃப்103-இல் அது இல்லை.


சால்டர்மணம் எழுதியது:

அப்படியென்றால் டிஎஸ்3231 வைத்தாலும் இந்தத் தொல்லைகள் வருமா? எங்கள் பலகைகளில் இதுவரை வரவில்லை.


அலைக்காட்டி எழுதியது:

நல்ல சிப் அது, துல்லியத்தில் இந்த உள் கடிகாரம் அதன் அருகில்கூட வராது. அது எஃப்103 போல் இல்லாமல் ஒப்பிட்டும் பார்க்கிறது: விசிசி என்னும் அதன் முதன்மை மின்சாரம் சுமார் 2.575 வோல்ட் என்ற எல்லைக்குக் கீழேயும், செல்லின் மின்னழுத்தத்துக்குக் கீழேயும் போனால்தான் செல்லுக்கு மாறும். உங்கள் பலகைகளில் தொல்லை வராததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் விசிசி அந்த எல்லைப் பகுதியைக் கடக்க 300 மைக்ரோநொடியாவது ஆக வேண்டும் என்று தரவுத்தாள் கேட்கிறது. மின்தேக்கி இல்லாத தடத்தை ரிலேயால் வெடுக்கென்று துண்டித்தால் அந்த நிபந்தனை உடையும். எஃப்103-க்கும் இதே போல, விடிடி ஒரு வோல்ட் இறங்க 20 மைக்ரோநொடிக்குக் குறையக் கூடாது என்ற வரம்பு உண்டு.

பழைய டிஎஸ்1307 என்றால் கதையே வேறு. விசிசி செல்லைப் போல 1.25 மடங்குக்குக் கீழே போனால் அது பேசுவதையே நிறுத்திவிடும். 3 வோல்ட் செல்லுக்கு 3.75 வோல்ட். 3.3 வோல்ட் தடத்தில் அது ஒருபோதும் பதில் சொல்லாது.

கடைகளில் கிடைக்கும் டிஎஸ்3231 தொகுதிகள் பலவற்றில் ஒரு டையோடும் 200 ஓம் தடையும் வழியாகச் செல்லுக்கு மின்னேற்றும் சுற்று இருக்கிறது. அது மின்னேற்றக்கூடிய எல்ஐஆர்2032-க்கானது. சிஆர்2032 போட்டு 5 வோல்ட்டில் இயக்கினால் மின்னேற்றக் கூடாத லித்தியம் செல்லுக்குள் மின்சாரம் போகும். செல் வீங்கும், கசியும். உங்கள் பட்டறையில் 5 வோல்ட் கொடுக்கிறீர்கள் என்றால் அந்த டையோடையோ தடையையோ இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.


மின்தடை47 எழுதியது:

அதே கேள்வி எஃப்103-க்கும் எழுகிறதே. கையேட்டில் விபேட்டுக்குள் மின்னோட்டம் பாயலாம் என்ற எச்சரிக்கை ஒன்று படித்த நினைவு.


அலைக்காட்டி எழுதியது:

ஆம், இருக்கிறது. விடிடி ஏறும்போது காத்திருப்பு முடியும் வரை சுவிட்ச் விபேட்டிலேயே இருக்கும். அதற்குள் விடிடி முழுதாக ஏறி, விபேட்டைவிட 0.6 வோல்ட்டுக்கு மேல் போனால், உள் டையோடு வழியாக விபேட் பக்கம் மின்னோட்டம் நுழையலாம். 3.3-க்கு எதிரே 3.0 வோல்ட் செல் இருக்கும் வரை இது நடக்காது. செல் 2.7-க்குக் கீழே தேய்ந்தால் ஒவ்வொரு மின் வருகையிலும் சில மில்லிநொடி நடக்கும். செல்லுக்குப் பதில் சூப்பர் கபாசிட்டர் வைத்து அது முழுக்கக் காலியாக இருந்தால், அங்கே அந்த உள் டையோடு பெரிய மின்னோட்டத்தைச் சந்திக்கும். கையேடு சொல்லும் தீர்வு, செல்லுக்கும் விபேட் பின்னுக்கும் நடுவே குறைந்த வீழ்ச்சியுள்ள வெளி டையோடு.

நான் ஒரு படி மேலே போய், பிஏடி54சி போன்ற இரட்டை ஷாட்கி டையோடு வைத்து, ஒரு காலில் விடிடி, இன்னொரு காலில் 1 கிலோஓம் வழியாகச் செல், சேரும் இடத்தில் விபேட் என்று அமைப்பேன். இப்போது விபேட் பின்னில் எப்போதும் இரண்டில் பெரியதே நிற்கும். 1.4 மைக்ரோஆம்பியருக்கு 1 கிலோஓமில் விழுவது ஒன்றரை மில்லிவோல்ட்கூட இல்லை. ஏதாவது குறுக்குச்சுற்று ஏற்பட்டால் செல்லைக் காக்கும்.

விபேட் பின்னருகே உள்ள 100 நானோஃபாரடையும் கூட்டுங்கள். பம்பு அதிரும் இடத்தில் செல் பிடிப்பான் கண நேரம் தொடர்பு விடும். மின்சாரம் இல்லாதபோது 100 நானோஃபாரட் தனியாக 3.0-இலிருந்து 1.8 வோல்ட் வரை தாங்குவது சுமார் 85 மில்லிநொடி. 4.7 மைக்ரோஃபாரட் செராமிக் என்றால் ஏறக்குறைய நான்கு நொடி. செலவு மிகச் சொற்பம்.

கிரிஸ்டலையும் பார்த்துவிடுங்கள். எஃப்103-க்கு 7 பிகோஃபாரட் அல்லது அதற்குக் குறைந்த சுமைத் திறனுள்ளதையே பயன்படுத்தச் சொல்கிறார்கள், 12.5 பிகோஃபாரட் கூடவே கூடாது என்கிறார்கள். கடையில் எளிதில் கிடைப்பது பெரும்பாலும் 12.5 தான். அது அறையில் ஓடும், குளிரிலோ ஈரத்திலோ குறைந்த மின்னழுத்தத்திலோ நின்றுவிடும். ஓடுகிறதா என்று பார்க்க அலைக்காட்டிக் கருவியின் முனையைக் கிரிஸ்டல் காலில் வைக்காதீர்கள், அந்த முனையின் மின்தேக்கமே அதை நிறுத்திவிடும். கடிகாரத்தை 64-ஆல் வகுத்து பிசி13-இல் வெளியே எடுக்கும் வசதி இருக்கிறது. 512 ஹெர்ட்ஸ் வந்தால் ஓடுகிறது.


தோட்டத்துமின் எழுதியது:

மோடம் கம்பியில் பஃபர், 3.3 வோல்ட் தடத்தில் 1 கிலோஓம், ரீசெட் கண்காணிப்புச் சிப், இரட்டை டையோடு எல்லாவற்றையும் ஒரு பலகையில் கம்பி இழுத்துப் பொருத்திவிட்டேன். அளக்கும் தடைகளைக் கழற்றினேன். செல் தீர்ந்த பலகைகள் அனைத்திலும் அவை இருந்தன. நிரலில் எல்எஸ்ஐ வழியை நீக்கி, நிரல்வழி சொன்ன ஒழுங்கில் எழுதியிருக்கிறேன். அடாப்டரைப் பிடுங்கினால் மோடம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் விடிடி 0.1 வோல்ட்டுக்குக் கீழே போகிறது.

இதை எப்படிக் கடுமையாகச் சோதிப்பது? சும்மா பிடுங்கிச் செருகுவது போதாது என்பது இப்போது புரிகிறது.


அலைக்காட்டி எழுதியது:

எல்எம்317 ரெகுலேட்டரையும் ஒரு மாறுதடையையும் வைத்து விடிடிக்கு நேரடியாகக் கொடுங்கள். அதன் வெளியீடு 1.25 வோல்ட் வரை இறங்கும். அது ஒழுங்காக நிற்க 10 மில்லிஆம்பியர் சுமையைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். 3.3-இலிருந்து மெல்ல இறக்கி, 2.0-க்கும் 1.8-க்கும் இடையே நிறுத்தி, அங்கேயே மேலும் கீழுமாக ஆட்டுங்கள். நீண்ட நேரம். பிறகு ஏற்றி நேரத்தைப் பாருங்கள். பழைய பலகையையும் புதிய பலகையையும் பக்கத்தில் வைத்துச் செய்தால் வேறுபாடு தெரியும்.

சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க, சோதனைக்காக விடிடி பக்க டையோடைத் தூக்கிவிட்டு, செல்லின் தொடரில் 10 கிலோஓம் வைத்து அதன் குறுக்கே அளங்கள். 14 மில்லிவோல்ட் அளவில் இருந்தால் பேக்கப் பகுதி செல்லில் ஓடுகிறது, பூஜ்யத்துக்கு அருகில் என்றால் விடிடியில்.


தோட்டத்துமின் எழுதியது:

செய்தேன். பழைய பலகை 1.9-க்கு அருகில் ஆட்டியபோது நேரத்தை இழந்துவிட்டது, கடிகார மூலம் எல்எஸ்ஐயாக மாறியிருந்தது. புதியது அதே ஆட்டத்தைத் தாங்கி நிற்கிறது. அளவுத் தடையில் மின்னழுத்தம் வந்து வந்து மறைவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. எல்லோருக்கும் என் நன்றி.

கடைசியாக ஒன்று. அடுத்த பதிப்பில் எஸ்டிஎம்32எல்4-க்குப் போகலாம் என்று பேச்சு இருக்கிறது. இந்த வேலைகள் குறையுமா?


நிரல்வழி எழுதியது:

சில குறையும். எல்4-இல் நாட்காட்டியே வன்பொருளில் இருக்கிறது, ஆகவே தேதி ராமில் கிடந்து அழியாது. பிஓஆர் எல்லையை 2.8 வோல்ட் வரை உயர்த்திக்கொள்ளலாம், வெளிக் கண்காணிப்புச் சிப் தேவைப்படாமல் போகலாம். விபேட்டை மூன்றால் வகுத்து உள்ளேயே அளக்கலாம். ஆனால் எல்லையை எவ்வளவு உயர்த்தினாலும் சுவிட்ச் மாறுவது கீழ் எல்லையில்தான், அதனால் மோடம் கம்பியில் பஃபர் அங்கும் வேண்டும். எல்4-இல் விபிஇ என்று ஒரு பிட் உண்டு. ஏற்றினால் விடிடியிலிருந்து 5 கிலோஓம் அல்லது 1.5 கிலோஓம் வழியாக விபேட்டுக்கு மின்னேற்றம் நடக்கும். சிஆர்2032 வைத்திருக்கும் வரை அந்த பிட்டைத் தொடாதீர்கள். வேறொரு பலகையின் நிரலை நகலெடுக்கும்போது அது சேர்ந்து வந்துவிட்டதா என்று தேடிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.